முதல் அடி

எல்லை ஆற்றின் தென்கரையில் படை திரண்டு நின்றது. அரசன் அதை இன்னும் ஏவவில்லை. தாக்கப்பட்டாலன்றி யாரும் எல்லை தாண்டக் கூடாது என்று சுற்றியிருந்த நாடுகள் எல்லாம் சேர்ந்து செய்த உடன்படிக்கை அவன் கையைக் கட்டியிருந்தது.

சட்ட அமைச்சர் அரிட்டநேமி அதில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மறுநாள் சபையில் அதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் தன் குரு சாந்தி அம்மையைப் பார்க்கப் போனார். அம்மை சமணத் துறவி. வயதில் அவரைவிட இளையவர்.

"அம்மையே, வடகரைக்காரர்கள் தாக்கப்போவது உறுதி. நாம் முந்திக்கொண்டால் அதுவும் தற்காப்புதானே? சட்டம் அதை ஏற்கும் அல்லவா?"

"உறுதி என்று யார் சொன்னது?"

"நம் படைத்தலைவர்."

அம்மை எழுந்தார். "வாருங்கள். உங்கள் வாதத்தை ஓரிடத்தில் சொல்லிப் பார்ப்போம்."

ஓடத்தில் வடகரை போய் இறங்கினார்கள். நல்ல உச்சிவெயில். கரையை ஒட்டி ஓர் ஊர் கிடந்தது. முந்தைய அரசன் காலத்துப் போரில் எரிந்த ஊர். கூரை இல்லை, கதவு இல்லை, கரிந்த சுவர்கள்தான். ஒரு காகம்கூட இல்லை.

"அன்றும் நம்மவர்கள் இதே காரணத்தைச் சொல்லித்தான் முந்திக்கொண்டார்கள்" என்றார் அம்மை. "ம், தொடங்குங்கள்."

தெரு நடுவில் நின்று அமைச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பகைவன் கை ஓங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும்..."

பக்கத்து வீட்டில் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தார். வாசல் வெறுமனே திறந்து கிடந்தது. நிலைச்சட்டம்கூட இல்லை. உள்ளே எருக்கு முளைத்திருந்தது.

"காற்று" என்றார்.

"காற்றாகவே இருக்கட்டும். சொல்லுங்கள்."

"ஆகவே, நம் மக்களைக் காப்பதற்காக நாம் முதலில்..."

எதிர்வீட்டில் ஒரு தாழ்ப்பாள். அதற்கடுத்த வீட்டில் இன்னொன்று. பிறகு தெரு நெடுக, வீடு வீடாக, அவசர அவசரமாக. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

அமைச்சர் ஆற்றை நோக்கித் திரும்பினார்.

"போய்விடலாம், அம்மையே."

"வாதம் முடியவில்லையே?"

"இல்லை. இதை நான் சபையில் சொல்லப் போவதில்லை."

ஓடத்தில் ஏறிய பிறகும் அவர் அந்த ஊரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி ஆற்றில் மெல்லக் கேட்டார்: "அங்கே அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?"

"தற்காப்பு" என்றார் அம்மை.