பம்பளிமாஸ் பந்தும் வர்ணனை மைனாவும்

ஒரு காட்டில் வாரம் தவறாமல் மட்டைப்பந்து ஆட்டம் நடக்கும். மற்றக் காடுகளில் சிங்கம்தான் ராஜா. இந்தக் காட்டில் யானை ராஜா. ஏனென்றால் சிங்கத்துக்கு மட்டை பிடிக்க வராது.

மட்டை என்றால் தென்னை மட்டை. பந்து என்றால் பச்சைப் பம்பளிமாஸ். யானை தும்பிக்கையைச் சுழற்றி ஒன்று வைத்தால் போதும், பம்பளிமாஸ் எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய், ஆட்டம் பார்க்க வந்தவர்கள் தலையில் இறங்கும். போன வாரம் கொக்கு ஒற்றைக் காலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பந்து வந்து அந்த ஒரு காலையும் தரையிலிருந்து எடுத்துவிட்டது. அதற்கு முந்தின வாரம் கரடி கொட்டாவி விட்டது. திறந்த வாயை மூட அதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

அப்படியும் யாராவது வீட்டில் இருந்தார்களா? மறுவாரமே முன்வரிசைக்கு முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள்.

வேறு வழியில்லாமல் அங்கே இருந்தது காட்டுக்கோழி ஒன்றுதான். அது புல்லுக்குள் கூடு கட்டி ஐந்து முட்டை இட்டபோது மைதானம் காட்டின் வேறு பக்கத்தில் இருந்தது. பிறகுதான் யானை இங்கே வந்து புல்லை மிதித்து, புதுக் கோடு கிழித்தது. கோடு கூட்டை ஒட்டிப் போயிற்று. அடைகாக்கத் தொடங்கிப் பதினெட்டு நாள் ஆகிவிட்டது. இன்னும் மூன்றே நாளில் குஞ்சு வந்துவிடும். முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போகலாம் என்றால், கோழிக்குக் கை இருக்கிறதா, கூடை இருக்கிறதா? மேலே விழுந்து மூடிக்கொள்ளலாம் என்றால், வருவது பம்பளிமாஸ். தாயும் முட்டையும் ஒரே அப்பளமாகிவிடும்.

அன்றைக்கோ யானை அணிக்கும் எருமை அணிக்கும் பெரிய ஆட்டம். கோழி விடியும்போதே யானையிடம் ஓடியது.

"மாமா, இன்னைக்கு ஒரு நாள் கொஞ்சம் மெதுவா அடிக்கக் கூடாதா?"

"நான் எப்பவும் மெதுவாத்தாம்மா அடிக்கிறேன்," என்றது யானை. "பம்பளிமாஸுக்குத்தான் அவசரம்."

கோழி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கூட்டுக்குத் திரும்பியது. கூட்டுக்கு முன்னால் முள்ளம்பன்றி இடம்பிடித்து உட்கார்ந்திருந்தது.

"ஏன் தங்கச்சி முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டது. கோழி சொன்னது.

"அட, இவ்வளவுதானா! நான் முள்ளை விறைச்சுக்கிட்டு நின்னா எந்தப் பந்து தாண்டிப் போகும்?"

"அப்ப ஆட்டம் முடியிற வரைக்கும் விறைச்சுக்கிட்டே நில்லுங்கண்ணே!"

முள்ளம்பன்றி எழுந்து முள்ளை விறைத்தது. உடனே பின்னால் மரக்கிளையில் இருந்த குரங்குகள் கூச்சல் போட்டன.

"யோவ் முள்ளு! மடக்குய்யா! ஆட்டம் பார்க்க வந்தோமா, உன் முதுகைப் பார்க்க வந்தோமா?"

முள்ளம்பன்றி மடக்கிக்கொண்டது. "பார்த்தியா? பந்து வரும்போது மட்டும்தான் விறைக்க முடியும். ஆனா என் கண்ணு தரையோட சரி. வானத்துல வர்றது தெரியாது. யாராவது ஒரு குரல் கொடுத்தா, ஒரு மூச்சு நேரத்துல விறைச்சிருவேன்."

குரல் கொடுக்க மைனா இருந்தது. இலவ மரத்து உச்சியில் உட்கார்ந்து ஆட்டத்தை வர்ணிப்பது அதன் வேலை. அதன் குரல் காடு முழுக்கக் கேட்கும். கோழி மரத்தடிக்குப் போய்க் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

"மைனாண்ணே, பந்து எங்க பக்கமா வந்தா ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?"

"ஒரு வார்த்தையா? ஒன்பது சொல்றேன்! நீ போய் நிம்மதியா உட்காரு."

ஆட்டம் ஆரம்பித்தது. எருமை பந்தை எறிந்தது. யானை சுழற்றியது. மைனா தொண்டையைக் கனைத்தது.

"அன்பார்ந்த நேயர்களே! இதோ, கார்மேகம் கண்டு களிகொண்ட பச்சைக்கிளி போல, காற்றைக் கிழித்து, கதிரவனை மறைத்து, கண்ணைக் கவரும் வண்ணமாய், நம் பம்பளிமாஸ் பறந்து வருகிறது... எங்கே? கிழக்கேயா? இல்லை நேயர்களே, மேற்கே! அங்கே அமைதியாய் வீற்றிருக்கும் ஆமையாரை நோக்கி..."

ஆமையார் அதற்குள் மல்லாந்து கிடந்தார். நான்கு காலும் வானத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தன.

அடுத்த அடி. மைனா அல்லிக்குளத்தில் தொடங்கி வானவில்லைத் தொட்டு, "காட்டுக்கோழியின் கூட்டை நோக்கி" என்று வந்து சேர்வதற்குள், பம்பளிமாஸ் கூட்டுக்கு ஒரு சாண் தள்ளிக் குழி பறித்துவிட்டது. கூட்டில் இருந்த புல்லெல்லாம் பறந்தது. கோழி முட்டைகளை எண்ணிப் பார்த்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... ஐந்து. இருந்தன.

"மைனாண்ணே! சொல்றேன்னு சொன்னீங்களே!"

"சொன்னேனே! நீங்கதான் கடைசி வரைக்கும் கேட்கலை," என்றது மைனா, கோபமாக. "வானவில் வரைக்கும் எவ்வளவு அழகா வந்துச்சு! அதைப் பத்தி ஒருத்தராவது ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

சண்டை போட்டுப் பயனில்லை என்று கோழிக்குப் புரிந்தது. குரலைக் குழைத்து, தேன் தடவிப் பேசியது.

"அழகுக்கு என்னண்ணே குறை! ஒண்ணே ஒண்ணுதான். நீங்க மேல இருந்து பார்க்கிறீங்க. பந்தோட முதுகைத்தான் வர்ணிக்கிறீங்க. முகம் எங்களுக்குத்தான் தெரியுது. அடடா, அது வர்ற முகம் இருக்கே! உங்க வாயால அதைக் கேட்க எங்களுக்குக் கொடுத்து வைக்கலை."

மைனா சிறகைக் கோதியது. "முகமா?"

"கிட்ட வர வரப் பெருசாகும் பாருங்க. இந்தக் கூட்டு ஓரத்துல உட்கார்ந்தா நல்லாத் தெரியும்."

மைனா பறந்து வந்து கூட்டின் விளிம்பில், கோழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. முள்ளம்பன்றி காதைத் தீட்டிக்கொண்டது.

யானை ஓங்கி ஒன்று வைத்தது. அன்றைய அடிகளிலேயே பெரிய அடி.

"அன்பார்ந்த நேயர்களே!" என்று தொடங்கியது மைனா. "இதோ, முழுநிலவின் முகத்தைப் போல, மெல்ல, மெல்லப் பெரிதாகி..."

பெரிதாகியது. இன்னும் பெரிதாகியது. வானம் முழுக்கப் பம்பளிமாஸாகியது.

"ஐயோ!" என்றது மைனா.

முள்ளம்பன்றிக்கு அது போதும். சிலிர்த்து எழுந்தது. சதக்! பம்பளிமாஸ் பதினேழு முள்ளில் குத்தி அப்படியே நின்றது. சாறு மட்டும் சொட்டுச் சொட்டாய் வழிந்தது.

"மறைக்குது! மடக்குய்யா!" என்றன குரங்குகள்.

யானை எல்லைக் கோட்டுக்கு ஓடி வந்து, "ஆறு ஓட்டம்!" என்றது. எருமை, "எங்கே விழுந்துச்சு? விழவே இல்லையே!" என்றது. இருவரும் சேர்ந்து முள்ளிலிருந்து பந்தைப் பிடுங்கப் பார்த்தார்கள். வரவில்லை. முள்ளம்பன்றிதான் கூடவே வந்தது. ஆட்டம் அத்தோடு நின்றது.

மூன்றாம் நாள் ஐந்து முட்டையும் பொரிந்தன. ஐந்து குஞ்சும் வெளியே வந்து தலையை ஆட்டின. பார்க்க வந்த மைனாவுக்கு எதிரில் கோழி கண்கலங்க நின்றது.

"மைனாண்ணே, நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தைதான்..."

"தெரியும் தங்கச்சி," என்றது மைனா, கண்ணை மூடிக்கொண்டு. "நானும் யோசிச்சுப் பார்த்தேன். இத்தனை வருஷத்துல நான் செஞ்ச வர்ணனையிலேயே அதுதான் சிறந்தது."

நீதி: ஆபத்தைச் சொல்ல அழகு வேண்டாம், அது வந்து சேரும்முன் சொன்னால் போதும்.