கிளட்ச் சத்தத்துக்கு ஒரு பரிகாரம்

உப்பள முதலாளி தனுஷ்கோடியிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. குண்டும் குழியுமான பாதையில் டிரைவர் ஓட்டவேண்டும். நல்ல தார்ரோடு வந்துவிட்டால் ஸ்டியரிங்கை அவரே பிடுங்கிக்கொள்வார். ஒரே வருஷத்தில் மூன்று கிளட்ச் பேரிங் தேய்ந்துபோனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரைவரை வீட்டுக்கு அனுப்பினார். நாலாவதாக வந்த சுடலைமணி தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை.

அன்றும் முதலாளி தார்ரோட்டில் ஓட்ட, கிளட்ச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"கேட்டியால? எல்லாம் ஒன் ராசி! சந்தைக்குப் போய்ச் சேருறதுக்குள்ள சத்தம் நிக்கணும். ஸ்பேனரைத் தொடக்கூடாது. முடியலன்னா அப்படியே எறங்கி ஊரைப் பாத்துப் போ!"

உண்மையைச் சொன்ன மூன்று பேரும்தான் வீட்டில் இருக்கிறார்களே! சுடலைமணி பயபக்தியோடு கைகட்டினான்.

"தோஷந்தான், மொதலாளி. பரிகாரம் இருக்கு. டாப் கியர் போட்டதும் இடது காலைச் சீட்டு மேல மடிச்சு வச்சுக்கிட்டு ஓட்டணும்."

தோஷம் என்றாலே முதலாளிக்கு உதறல். மடித்தார், சத்தம் நின்றது. கால் மரத்துப்போய்க் கீழே வைத்தார், கத்தியது. மறுபடி மடித்தார், நின்றது.

சந்தையில் வியாபாரிகள் கூடிநிற்க, முதலாளி பெருமையடித்தார். "பரிகாரத்துலயே சத்தத்தை நிப்பாட்டியாச்சு! என்ன தோஷம்னு நீயே சொல்லுல!"

"கிளட்சு மேலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டுற தோஷம், மொதலாளி."

சந்தையே சிரித்தது.

திரும்பும்போது தார்ரோட்டிலும் சுடலைமணிதான் ஓட்டினான். பக்கத்து சீட்டில் முதலாளி, எதற்கும் இருக்கட்டும் என்று, இடது காலை மடித்தே உட்கார்ந்திருந்தார்.