மூவாயிரம் வேங்கைகள்

கேளுங்கள். மலைச்சரிவெல்லாம் காடாக இருந்த காலத்தில் பொழில்நாட்டைச் செங்கோடன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவனுக்கு ஒரே மகள். எட்டு வயதில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள்.

அழுது ஓய்ந்த அரசன், அவள் வாழ்ந்த நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேங்கை மரம் என்று, அரண்மனைக்கு மேற்கே ஒரு சிறு சரிவில் மூவாயிரம் கன்றுகளை நெருக்கி நட்டான். காட்டிலேயே பிறந்து வளர்ந்த மருதி என்பவளைக் காவலுக்கு வைத்தான்.

ஐந்தாம் ஆண்டு மருதி அரசன் முன்னால் வந்து நின்றாள்.

"அரசே, கன்றுகள் ஒன்றோடொன்று இடிக்கின்றன. பாதியை வெட்டினால் மீதி பிழைக்கும்."

"என் மகளின் எந்த நாளை வெட்டச் சொல்கிறாய்?" என்று கேட்டான் அரசன்.

மருதி சரிவுக்குத் திரும்பிப் போனாள்.

பத்தாம் ஆண்டு மறுபடியும் வந்தாள். "வெயிலுக்குப் போட்டி போட்டு எல்லாம் உயரமாகிவிட்டன, அரசே. தண்டு என் கைப்பருமன்கூட இல்லை. மண்ணில் இருக்கிற தண்ணீர் அத்தனைக்கும் போதவில்லை."

அரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பதினைந்தாம் ஆண்டு மழை பொய்த்தது. வாடிய மரங்களை வண்டு துளைத்தது. பிசின் சுரந்து வண்டை வெளியே தள்ளும் வலு எந்த மரத்துக்கும் இல்லை. முதலில் நூறு காய்ந்தன. பிறகு இருநூறு. பிறகு ஐந்நூறு.

இந்த முறை அரசனே சரிவுக்கு ஓடி வந்தான். "வெட்டு மருதி! பாதியை வெட்டிவிடு!"

"இப்போது முடியாது, அரசே. இவை ஒன்றையொன்று தாங்கித்தான் நிற்கின்றன."

"வெட்டாவிட்டால்?"

"வண்டு தின்னும்."

"வெட்டினால்?"

"காற்று சாய்க்கும்."

 ஆனாலும் அரசன் கோடரியைத் தானே எடுத்தான். ஒவ்வொரு மரத்தையும் தடவிக்கொடுத்து, அழுதுகொண்டே வெட்டினான். ஒரு மாதத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதி மரங்கள் போயின.

ஆடிக் காற்று வந்தது. சாய்ந்துகொள்ளப் பக்கத்து மரம் இல்லாத அந்த மெலிந்த வேங்கைகள் மூன்றே நாளில் விழுந்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடுத்த மழையில் மண்ணும் கரைந்து ஓடியது. வெறும் பாறைமேல் உட்கார்ந்திருந்த அரசனின் பக்கத்தில் மருதியும் போய் உட்கார்ந்தாள்.

உரிய காலத்தில் சிலவற்றை இழக்க மனம் வராதவர், காலம் கடந்தபின் எல்லாவற்றையும் இழப்பார்.