சிவப்புக் கயிறும் நாச்சிமுத்துவின் வாக்கும்

இந்த வழக்கை யாரிடம் சொன்னாலும் பாதியிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள், அவசரக் குடுக்கைகள். நீங்களாவது கடைசிவரை கேளுங்கள். இதில் நான் சும்மா சொல்வது எதுவும் இல்லை.

கோயம்புத்தூருக்கு வெளியே நாச்சிமுத்து என்பவர் குக்கர் கம்பெனி வைத்திருந்தார். மூடியில் ஆவி போகிற ஓட்டையைப் போட அங்கே ஒரே ஒரு டிரில்லிங் மிஷின்தான். அதிலிருந்து மூடிகள் இரண்டு பெல்ட்டுகளுக்குப் பிரிந்து போகும். ஒரு பெல்ட்டுக்கு வடிவு தலைவி, மற்றதற்கு ரெஜினா. அங்கே பெண்கள் மூடியைச் சரிபார்த்து, பொருத்தி, பெட்டியில் போடுவார்கள்.

முன்பெல்லாம் தப்பு நடந்தால் முதல் கேள்வி, "எவ செஞ்சது?" என்பதுதான். அதனால் கெட்டுப்போன மூடிகள் மேஜைக்கு அடியில் ஒளிந்தன. ஒளிக்க இடமில்லாதவை கடைக்குப் போய், திட்டு வாங்கித் திரும்பி வந்தன. பூங்கோதை என்ற மேனேஜர் வந்துதான் இதை மாற்றினார். ஒவ்வொரு பெல்ட்டுக்கு மேலும் ஒரு சிவப்புக் கயிறு கட்டினார். சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், அந்த பெல்ட் நின்றுவிடும். "யாருன்னு கேக்கக் கூடாது. எங்கேன்னுதான் கேக்கணும்" என்பது அவர் போட்ட சட்டம். இழுத்தவருக்கு எல்லோரும் கைதட்ட வேண்டும்.

முதலில் சிரித்தார்கள். பிறகு கைதட்டு வாங்கியவள் வீட்டுக்குப் போயும் அதையே பேசினாள். எப்படிச் செய்தால் மூடி கோணாது என்று சாப்பாட்டு நேரத்தில் பேச்சு ஓடியது. திரும்பி வருகிற குக்கர்கள் குறைந்துகொண்டே போயின.

நாச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல மனிதர்கள் சந்தோஷத்தில் செய்கிற காரியங்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். "புது ஷெட்டுக்கு சூப்பர்வைசர் வேணும் அம்மணிகளா. ஆயுத பூஜைக்குள்ள எந்த பெல்ட் தரத்துல முந்துதோ, அந்தத் தலைவிக்குத்தான் வேலை. இது நான் குடுக்கிற வாக்கு" என்றார். தரத்தை எப்படி அளப்பது என்பதற்கும் அவரே வழி சொன்னார். எந்தக் கயிறு குறைவாக இழுபடுகிறதோ, அந்த பெல்ட் முந்தியதாம். இரண்டும் சமமானால் வேலையில் மூத்த வடிவுக்கு. பூங்கோதை வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். முதலாளி காதில் வாங்கவில்லை.

அன்றிலிருந்து இரண்டு கயிறும் அசையவே இல்லை.

வடிவுக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். மகள் இனியாவுக்கு வலிப்பு உண்டு, அதுவும் தூக்கத்தில் வரும். கணவன் லாரி ஓட்டுகிறவன், வீடு தங்குவதில்லை. நைட் ஷிப்ட் வாரங்களில் வடிவு மகளைப் பக்கத்து வீட்டில் படுக்கவைத்துவிட்டு வருவாள். உடம்பு பெல்ட்டில் நிற்கும், மனசு நிற்காது. சூப்பர்வைசருக்கு நைட் ஷிப்ட் கிடையாது.

பூஜைக்கு முந்தின நாள், கடைசி ஷிப்ட். வாசலில் லாரி நின்றது. ரெஜினாவின் பெட்டிகள் அதில் ஏறிக்கொண்டிருந்தன. வடிவு ஒரு மூடியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். ஓட்டைக்குள் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதிலும் பிசிறு. ஒரு பருப்புத்தோல் அதில் சிக்கினால் போதும், ஆவி அடைத்துக்கொள்ளும். அப்புறம் எந்த வீட்டு அடுப்படியில் என்ன நடக்கும் என்று யார் கண்டது?

கயிற்றைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி கயிற்றைப் பார்த்தாள். பக்கத்து பெல்ட்டில் ரெஜினாவும் ஒரு மூடியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அவள் இழுப்பாள், இதோ இழுத்துவிடுவாள் என்று வடிவு காத்து நின்றாள். ரெஜினா மூடியைப் பெல்ட்டிலேயே வைத்துவிட்டாள்.

"ஏனுங்கக்கா, அங்கயே பாத்துட்டு நிக்கறீங்க?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"ஒண்ணுமில்ல, வேலையப் பாரு." சொல்லும்போதே இரண்டு மூடிகள் கையைத் தாண்டிப் போய்விட்டன. வடிவு எட்டிக் கயிற்றை இழுத்தாள்.

பெல்ட் நின்றது. யாரும் கைதட்டவில்லை. உடனே மணியும் அடித்தது, ஷிப்ட் முடிந்தது. மாலையும் பொரியுமாக வந்த நாச்சிமுத்துவை இரண்டு கூட்டமும் சூழ்ந்துகொண்டன.

"எங்க கயிறு அசையவே இல்லீங்க. வேலை ரெஜினாவுக்குத்தான்."

"வடிவக்கா வேணும்னேவா இழுத்துச்சு? தப்பைக் கண்டுதானுங்க இழுத்துச்சு!"

நாச்சிமுத்து மாலையைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கயிற்றுக் கணக்குப்படி வேலை ரெஜினாவுக்கு. மனசோ வடிவு பக்கம் இழுத்தது. வெளியே லாரிக்காரர் வண்டியைக் கிளப்ப ஹாரன் அடித்தார்.

இப்போது சொல்லுங்கள். கொடுத்த வாக்குத் தப்பாமல் அந்த வேலையை நாச்சிமுத்து யாருக்குக் கொடுக்க வேண்டும்?

விடை: "யாருக்கு?" என்று யோசிக்கத் தொடங்கியவர்கள் எல்லாம் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து தடுக்கி விழுந்தீர்கள். அங்கே சட்டம் என்ன? ஓடிவந்த பூங்கோதைதான் அதைக் கேட்டார்: "எங்கே?" வடிவு மூடியைக் காட்டினாள். டிரில்லிங் மிஷின் ஒன்றுதான், ஆகவே அதே பிசிறு லாரியில் ஏறிய பெட்டிகளிலும் இருக்க வேண்டும். லாரியை நிறுத்திப் பிரித்துப் பார்த்தார்கள், இருந்தது. நாச்சிமுத்து கொடுத்த வாக்கு தரத்துக்கு. அதை அளக்கக் கயிற்றை எடுத்ததுதான் கோளாறு. ஆகவே வாக்குப்படியே வேலை வடிவுக்கு. ஆனால் அதைச் சொல்லும் முன் நாச்சிமுத்து ரெஜினாவின் பெல்ட்டுக்குப் போய், அசையாத அந்தக் கயிற்றைத் தானே ஒருமுறை இழுத்தார். இப்போது கயிற்றுக் கணக்கிலும் இரண்டும் சமம், மூத்தவள் வடிவு. "எங்கேங்க?" என்றாள் ரெஜினா. "நான் போட்ட கணக்குலதான் அம்மணி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் கைதட்டியவள் ரெஜினா. அடுத்த நைட் ஷிப்ட் வாரத்தில் வடிவு மகளின் பக்கத்தில் படுத்துத் தூங்கினாள்.