ஈரல் பொடிக்கு டிரைவர் சொன்ன சாட்சி

ஈரல் நோய்க்கு இயற்கைப் பொடி விற்றுப் பெரிய ஆளானவர் ஞானதுரை. ஒருநாள் கல்யாண மண்டபத்தில் நோயாளிகளைக் கூட்டிவைத்துவிட்டு, தன் கார் டிரைவர் சுடலைமுத்துவை மேடைக்குப் பின்னால் அழைத்தார்.

"உனக்குக் காமாலை வந்து, நம்ம பொடியிலயே குணமாச்சுன்னு மேடையில சொல்லு. ஆஸ்பத்திரி மாத்திரையை எல்லாரும் தூக்கிப் போடணும். சொல்லலேன்னா உனக்கு வேலை கிடையாது."

சுடலைமுத்துவுக்குக் காமாலையே வந்ததில்லை. அவர் மேடையேறியபோது, முன்வரிசையில் வயிறு வீங்கிய ஒருவர் மனைவியின் தோளில் சாய்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் டிரைவருக்கு மனசு கொதித்தது. மைக்கைப் பிடித்தார்.

"எங்க முதலாளி மாதிரி தியாகி யாரும் இல்லைங்க. அவருக்கே ஈரல் கெட்டுப்போச்சு. ஆனா இந்தப் பொடியில ஒரு சிட்டிகைகூட எடுத்துக்கலை. எல்லாத்தையும் உங்களுக்கே விட்டுட்டு, மதுரையில பெரிய டாக்டர் தர்ற மாத்திரையைத்தான் சாப்பிடறாரு. நான்தான் கார்ல கூட்டிட்டுப் போறேன்."

"பொய்" என்றார் ஞானதுரை.

"அப்ப உங்க சட்டைப்பையில இருக்கிற மாத்திரை யாருதுங்க ஐயா?"

ஞானதுரையின் கை சட்டென்று பையைப் பொத்தியது. மண்டபமே சிரித்தது. முன்வரிசைப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. பொடி டப்பாவை மேடையில் வைத்துவிட்டு, கணவரை எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

"உன் வேலை போச்சுடா" என்று பல்லைக் கடித்தார் முதலாளி.

சுடலைமுத்து கார் சாவியை நீட்டினார். "சரிங்க ஐயா. நாளைக்கு நீங்க டாக்டரைப் பார்க்கணுமே, வழி தெரியுமில்ல?"