சோலையம்மாளின் மனு

"சாமி, போதும்னு இருக்கு. விட்டுடவா?"

கேட்டவர் அமைச்சர் சோலையம்மாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில், புங்க மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவரிடம்தான் கேட்டார். இருவருக்கும் ஒரே வயது. ஐந்து வரிக்கு மேல் எழுதமாட்டார், அதற்கு மேல் பேசவும் மாட்டார் என்பதால் ஊர் அவரைச் சாமி ஆக்கிவிட்டது.

காரையும் பி.ஏ.வையும் தெருமுனையில் விட்டுவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தனியாக வந்திருந்தார் அமைச்சர். மறுபடியும் தேர்தலில் நிற்கிறாரா இல்லையா என்று மாலைக்குள் கட்சிக்குச் சொல்லியாக வேண்டும்.

"வரிசையில வாங்கம்மா."

நின்றார். முன்னால் ஏழு பேர். முட்டி வலித்தது. பின்னால் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி, கசங்கிப்போன பழைய மனு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

முறை வந்ததும் சோலையம்மாள் எதிரே இருந்த பலகையில் உட்கார்ந்து, பின்னால் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொல்லுங்க."

"வார்டு மெம்பரா இருந்தப்ப ஒரு தெருவிளக்குக்கு நாலு மாசம் அலைஞ்சேன். போஸ்டர்ல வீட்டுக்காரர் படம் பெருசா, என் பேரு சின்னதாப் போட்ட காலம். அப்பக்கூடக் களைப்பு தெரியல. அப்புறம் பிரசிடெண்ட், சேர்மன், எம்.எல்.ஏ., இப்ப மந்திரி. இருபத்தாறு வருசம் ஓடிப்போச்சு. கார்ல போறேன், கார்ல வர்றேன். உக்காந்த எடத்துலயே அலுத்துப்போகுது."

"எதனால?"

"அது தெரிஞ்சா உங்ககிட்ட எதுக்கு வர்றேன்?"

சாமி எழுதினார். எழுதியதைப் படித்துப் பார்த்தார். ஒரு சொல்லை அடித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

தான் சொன்னதை ஒருவர் இத்தனை நேரம் கவனித்து எத்தனை வருடமாயிற்று என்று நினைத்தபோது சோலையம்மாளுக்கு அழுகை வந்தது.

"கையெழுத்துப் போடுங்க." தாளை நீட்டினார் சாமி.

சோலையம்மாள் வலது கையால் வாங்கினார். சாமியின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்துக்கலாம்," என்றார்.

தாள் இடது கைக்கு மாறியது. இடது கை, பி.ஏ. எப்போதும் நிற்கிற பின்பக்கம் தானாகப் போனது.

"எங்கிட்ட எதுக்கும்மா குடுக்குறீங்க?" என்றாள் பச்சைச் சேலைக்காரி.

சோலையம்மாள் திரும்பினார். அவருடைய மனு அவள் கையில் இருந்தது, அந்தக் கசங்கிய மனுவோடு சேர்ந்து.

சாமி பேனாவை மூடி வைத்தார்.



"அந்தப் பழசு என்ன மனு?" என்று கேட்டார் சோலையம்மாள்.

"தண்ணிக் குழாய்ம்மா. மந்திரி கையிலயே மூணு தடவ குடுத்துட்டேன். நல்ல மனுசி, சிரிச்ச முகமா வாங்கிக்கிட்டாங்க. என்னமோ, இன்னும் வரல. அதான் இன்னொண்ணு எழுத வந்தேன்."

சோலையம்மாள் கை நீட்டி அதைக் கேட்டு வாங்கினார். இடது கை அசைந்தது. அந்தக் கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. படிக்கிற கண்ணாடி பி.ஏ.வின் பையில் இருந்தது. மந்திரியான நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

"உங்க மனுல கையெழுத்து?" என்றார் சாமி.

"அது கெடக்கட்டும். உங்க கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்க."