ஓடிய கௌதாரியும் ஒதுங்கிய முயலும்

ஒலிவ மரங்கள் வளர்ந்த ஒரு கற்குன்றில் முயல்களும் கௌதாரிகளும் வாழ்ந்தன. குன்றின் நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தில் ஓர் ஊற்று. குன்று முழுவதற்கும் அது ஒன்றுதான்.

"இந்த ஊற்றைக் கண்டுபிடித்தது எங்கள் முன்னோர்!" என்றன மேற்குச் சரிவில் இருந்த முயல்கள்.

"உங்கள் முன்னோருக்கு இங்கே வர வழி சொன்னதே எங்கள் முன்னோர்தான்!" என்றன கிழக்குச் சரிவில் இருந்த கௌதாரிகள்.

இரண்டு தரப்பிலும் ஆதாரம் இருந்தது. முயல்கள் ஒரு பாறை இடுக்கில் பழங்காலப் புழுக்கைகளைக் காட்டின. கௌதாரிகள் அதே இடுக்கில் பழங்கால இறகுகளைக் காட்டின. எது அடியில் இருக்கிறது, எது மேலே இருக்கிறது என்று நெடுநாள் ஆராய்ச்சி நடந்தது. கிளறிய வேகத்தில் இரண்டும் கலந்துபோயின. அதன் பிறகு ஆராய்ச்சியைக் கைவிட்டுச் சண்டையைத் தொடங்கின.

கௌதாரிகள் மேலிருந்து கற்களை உருட்டிவிடும். முயல்கள் கூட்டமாகப் பாய்ந்து புதர்களை மிதிக்கும். ஓய்வு நேரத்தில் ஒன்றையொன்று ஏசிக்கொள்ளும்.

"ஆபத்து வந்தால் குஞ்சுகளைப் போட்டுவிட்டு ஓடுகிற கூட்டம்!" என்று முயல்கள் கத்தும்.

"பெற்ற குட்டியைப் புல்லில் வீசிவிட்டு ஊர் சுற்றுகிற கூட்டம்!" என்று கௌதாரிகள் திருப்பிக் கத்தும்.

இரண்டும் கண்ணால் பார்த்துச் சொன்னவை. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை.

போன கோடையில் ஒரு கல் உருண்டு வந்து தவிட்டி என்ற முயலின் இரண்டு குட்டிகளைக் கொன்றது. அதே வாரம் முயல்கள் மிதித்ததில் வரிச்சி என்ற கௌதாரியின் முட்டைகள் அத்தனையும் நொறுங்கின. இந்தக் கோடையில் தவிட்டிக்கு ஒரே ஒரு குட்டி. வரிச்சிக்குச் சில குஞ்சுகள்.

அப்போதுதான் கௌதாரித் தலைவன் செங்காலன் அறிவித்தது: "நாளை விடிந்ததும் கற்களை உருட்டுவோம்!"

முயல் தலைவன் நெடுங்காதனும் அறிவித்தது: "நாளை விடிந்ததும் புதர்களை மிதிப்போம்!"

தலைவர்கள் இருவரும் ஒத்துப்போனது நேரத்தில் மட்டும்தான்.

தவிட்டி பதறிப்போய் நெடுங்காதனிடம் ஓடியது. "தலைவரே, என் குட்டி பள்ளத்துப் புல்லில்தான் இருக்கிறது! நாம் பாய்ந்தால் அவர்கள் கல்லை உருட்டுவார்களே!"

"வெற்றி வேண்டுமென்றால் இழப்பையும் தாங்கத்தான் வேண்டும்" என்றது நெடுங்காதன். அதற்குக் குட்டிகள் இல்லை.

தவிட்டி குட்டியை வேறு எங்கே கொண்டு போகும்? அந்த முயல்கள் வளை தோண்டுவதில்லை. புல்தான் தொட்டில். பள்ளத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் புல் கருகிக் கிடந்தது.

நண்பகலில் வரிச்சி குஞ்சுகளுடன் தண்ணீர் குடிக்க வந்தது. புல்லுக்குள் முயல்குட்டி தனியாகப் படுத்திருப்பதைப் பார்த்தது.

"அடப் பாவமே! போட்டுவிட்டுப் போயேவிட்டாளா?"

எதிரியின் குட்டிதான். ஆனால் வெயில் கொளுத்தியது. வரிச்சி சிறகை விரித்து அதற்கு நிழல் பிடித்தது. குஞ்சுகளும் வந்து பக்கத்தில் ஒண்டிக்கொண்டன.

அந்த நேரத்தில் ஒரு நரி வந்தது. கதைகளில் வருகிற நரி பொதுவாக வழக்குத் தீர்க்க வரும். இந்த நரிக்கு அவ்வளவு படிப்பு இல்லை. அது சாப்பிட வந்தது.

வரிச்சி சட்டென்று வெளியே ஓடியது. ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடியது. நரி நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் போனது.

எட்ட ஒரு புதரில் பதுங்கியிருந்த தவிட்டி இதைப் பார்த்தது. "ஓடிவிட்டாள்! குஞ்சுகளைப் போட்டுவிட்டு ஓடியேவிட்டாள்! எங்கள் ஆட்கள் சொன்னது சரிதான்!"

பிறகு உற்றுப் பார்த்தது. முதலில் இடது சிறகு தரையில் இழுபட்டது. கொஞ்ச தூரம் போனதும் வலது சிறகு இழுபட்டது. எந்தச் சிறகு உடைந்தது என்பதே அவசரத்தில் வரிச்சிக்கு மறந்துவிட்டது! நரி வாயைத் திறந்த நொடியில் இரண்டு சிறகும் குணமாகி அது பறந்துவிட்டது.

ஏமாந்த நரி, புல்லை நோக்கித் திரும்பி வந்தது.

தவிட்டி யோசிக்கவில்லை. நரியின் மூக்குக்கு முன்னால் குதித்தது. வளைந்து வளைந்து ஓடி, முட்புதர்களுக்குள் இழுத்துச் சென்று, அடுத்த குன்றுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தது.

திரும்பி வந்தால் வரிச்சி மறுபடியும் நிழல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இப்போதுதான் ஞாபகம் வந்ததா உனக்கு? பெற்றவள் நீயா, நானா?" என்று சீறியது வரிச்சி.

"நான் இவ்வளவு நேரமும் அந்தப் புதரில்தான் இருந்தேன்!"

"இருந்துகொண்டா பக்கத்தில் வரவில்லை?"

"என் உடம்பு வாசனை நரிக்குத் தெரியும். குட்டிக்கு வாசனையே கிடையாது. நான் பக்கத்தில் இருந்தால்தான் அதற்கு ஆபத்து. இருட்டியதும் ஒரு தடவை வந்து பால் கொடுப்பேன். பகல் முழுவதும் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா?"

வரிச்சி சிறகை மடக்கிக்கொண்டது.

"அப்படியானால் நீ ஓடுவதும் குஞ்சுகளை விட்டு ஓடுவது இல்லையா?" என்று கேட்டது தவிட்டி.

"நரி என்னைத் தின்ன ஆசைப்பட்டால் குஞ்சுகளை மறந்துவிடும். அதற்குத்தான்."

"நன்றாக நொண்டினாய். ஆனால் ஒரே சிறகில் நொண்டு, அக்கா!"

வரிச்சி சிரித்தது. பிறகு அழுதது. பிறகு இரண்டும் போன கோடையில் இழந்தவற்றைப் பற்றிப் பேசின. பேசிக்கொண்டிருக்கும்போதே தவிட்டி நிமிர்ந்தது.

"அக்கா! பெரிய முயல் கண்ணில் படவில்லை என்றால் புல் காலி என்றுதானே உங்கள் ஆட்கள் நினைப்பார்கள்?"

"ஆமாம். பறவை ஓடிவிட்டது என்றால் கூடு காலி என்றுதானே உங்கள் ஆட்கள் மிதிப்பார்கள்?"

இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் பிழைக்கலாம். ஆனால் குட்டி எங்கே இருக்கும், கூடு எங்கே இருக்கும் என்பதுதான் இரண்டு குலங்களின் பெரிய ரகசியம். அதை எதிரியிடமே சொல்ல வேண்டும்.

அன்று மாலை தவிட்டி கிழக்குச் சரிவில் ஏறியது. வரிச்சி மேற்குச் சரிவுக்குப் போனது.

"நில்! உளவு பார்க்க வந்தாயா?" என்று மறித்தது ஒரு சேவல் கௌதாரி. அதன் பெயர் கல்லுருட்டி.

"இல்லை தம்பி, உளவு சொல்ல வந்தேன்" என்றது தவிட்டி. கௌதாரிகள் கூடின. தவிட்டி எல்லாவற்றையும் சொன்னது. கடைசியில், "இப்போதும் என் குட்டி அந்தப் புல்லில்தான் இருக்கிறது. உங்களை நம்பிச் சொல்லிவிட்டேன்" என்றது.

கல்லுருட்டி கீழே பள்ளத்தைப் பார்த்தது. "போன கோடையில்... அந்தப் புல்லில் யாருமே இல்லையே! நன்றாகப் பார்த்துவிட்டுத்தானே உருட்டினேன்!"

தவிட்டி அதன் பக்கம் திரும்பியது. "பார்த்தாய், தம்பி. உனக்குத் தெரியவில்லை. இனிமேல் தெரியுமே, அதற்காகத்தான் வந்தேன்."

மேற்குச் சரிவில் வரிச்சியை முதலில் கேலி செய்தார்கள். நொண்டிக் காட்டச் சொன்னார்கள். காட்டியது. எதற்காக நொண்டுகிறது, அப்போது குஞ்சுகள் எங்கே இருக்கும் என்பதையும் சொன்னது. சிரித்துக்கொண்டிருந்த முயல்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் கால்களைக் குனிந்து பார்க்கத் தொடங்கின.

விடிந்தது.

"உருட்டுங்கள்!" என்றது செங்காலன்.

ஒரு கல்லும் அசையவில்லை.

"என்ன, கால் வலிக்கிறதா?"

"வலிக்கவில்லை தலைவரே. புல்லில் குட்டி இருக்கிறது" என்றது கல்லுருட்டி.

"அது எதிரியின் குட்டி!"

"ஆமாம். ஆனாலும் இருக்கிறதே!"

எதிர்ப்பக்கம் நெடுங்காதன் முழக்கமிட்டுக்கொண்டு பாய்ந்தது. பாதி வழியில் திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரும் வரவில்லை. உடனே, தண்ணீர் குடிக்க வந்ததுபோல ஊற்றில் வாயை வைத்தது.

ஊற்று யாருடையது என்று இன்றுவரை தீரவில்லை. தலைவர்கள் மறுபடியும் பாறை இடுக்கைக் கிளறப் போய்விட்டார்கள். ஆனால் அந்தக் கோடையில் புல்லில் ஒரு குட்டியும் சாகவில்லை. புதரில் ஒரு முட்டையும் உடையவில்லை. தாய்கள் ஊற்றங்கரையில் சந்தித்தார்கள். பள்ளத்தில் நரி தென்பட்டால் முதலில் பார்த்தவள் மற்றவளுக்கும் சேர்த்து ஓடினாள்.

கல்லுருட்டி தினமும் சரிவில் ஏறி, ஆட்டம் காணும் கற்களுக்கு அடியில் சின்னக் கற்களைத் திணித்து முட்டுக்கொடுத்தது. யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. ஒருநாள் தவிட்டி அங்கே ஏறி வந்தது.

"நன்றி, தம்பி."

கல்லுருட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. "எனக்கு நன்றி சொல்லாதே அக்கா. என்னால் தாங்க முடியவில்லை."

"போன இரண்டையும் நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்" என்றது தவிட்டி. "ஆனால் இன்று இருட்டியதும் பால் குடிக்க எனக்கு ஒரு குட்டி இருக்கிறது. சொல்லாமல் எப்படி இருப்பேன்?"

நீதி: எதிரிக்கும் நம்மைப் போலவே பிள்ளைப் பாசம் உண்டு என்பதை, தாம் இழந்த பிறகும் எதிரியிடமே நடந்து போய்ச் சொல்கிறவர்களால்தான் இரு தரப்புப் பிள்ளைகளும் பிழைக்கிறார்கள், அவர்களுக்கு இரு தரப்பும் நன்றி சொல்ல வேண்டும்.